இரண்டு கேமராவிலும் ஒரே அழுக்கு

என் அத்தானுக்கு எதையும் தனியாகப் பார்க்கத் தெரியாது. ஒரு கோப்பைத் தேநீரைக் கையில் கொடுத்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால், "எதை விட?" என்று திருப்பிக் கேட்பார். நேற்றைய தேநீரில் ஒரு வாய் மிச்சம் வைத்திருந்தால் சரியாகச் சொல்லியிருக்கலாமே என்று உண்மையாகவே வருத்தப்படுவார்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். சாக்ஸ் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் சேர்ந்து, இப்போது அந்தப் பிரிவுக்கே தலைவராகிவிட்டவர். இயந்திரத்திலிருந்து மலைபோல் வந்து விழும் சாக்ஸுகளில் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று எடுப்பார். ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். இழுப்பார், விடுவார், உள்பக்கத்தை வெளியே திருப்புவார். இரண்டும் அச்சாக ஒன்றுபோல் இருந்தால் ஜோடி. இல்லையென்றால் ஆளுக்கொரு கூடை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதைச் சம்பளத்துக்குச் செய்கிற மனிதர்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. அதை அவர் எனக்குச் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

"ஒரு கால்ல மட்டும் குத்தம் இருந்தா அது நூல் கோளாறு, மாப்ளே. ரெண்டு கால்லயும் ஒரே எடத்துல ஒரே குத்தம் இருந்தா, அது மெஷின் கோளாறு. சாக்ஸைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. மெஷினைப் போய்ப் பாக்கணும்."

நான் தலையை ஆட்டிக்கொண்டே சாப்பிடுவேன். எனக்குத் தொழில் ஃபிரிட்ஜ் ரிப்பேர். குளிர்கிறதா, குளிரவில்லையா, அவ்வளவுதான் கேள்வி. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜைத் தூக்கி வந்து "இதை விட அது குளிர்ச்சியா?" என்று நான் யாரையும் கேட்டதில்லை. அதனால் எங்கள் இருவருக்கும் எந்தக் காலத்திலும் ஒத்துவராது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் எனக்குச் சாப்பாடு. அக்கா கைச் சமையலுக்காக எந்தப் பேச்சையும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று உலகமே சொல்கிறது. அத்தான் இரண்டு சோறு எடுப்பார். இப்படிப்பட்ட மனிதர் அக்காவைக் கட்டிக்கொள்ளும்போது யாரோடு ஒப்பிட்டுப் பார்த்தார் என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "அன்னிக்குக் கைல ஒண்ணுதான் இருந்துச்சு மாப்ளே" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா, கரண்டியைக் கையில் எடுப்பதா என்று அக்கா இன்னும் முடிவு செய்யவில்லை.

அந்த வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு ஆணி உண்டு. குடிவந்த நாளில் அக்கா கைகாட்டிய இடத்தில் அத்தான் அடித்தது. "நம்ம ரெண்டு பேரும் சேர்ந்த மாதிரி ஒரு ஃபோட்டோ இங்க மாட்டணும்" என்றாளாம். அந்த ஆணியில் இதுவரை காலண்டர் தொங்கியிருக்கிறது, குடை தொங்கியிருக்கிறது, ஒருமுறை என் புதுச்சட்டையின் தோள் மாட்டிக் கிழிந்திருக்கிறது. ஃபோட்டோ மட்டும் தொங்கவில்லை. ஏனென்றால் அப்படி ஒரு ஃபோட்டோவே இல்லை.

கல்யாணத்தில் படம் எடுத்தவர் அத்தானின் பெரியப்பா மகன். அவர் இரவல் வாங்கி வந்த கேமராவில் கண் வைக்கிற துளை ஒரு பக்கம் பார்த்தது, லென்ஸ் இன்னொரு பக்கம் பார்த்தது. ஆல்பத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் ஒரு பூ ஜாடி அழகாக நடுவில் உட்கார்ந்திருக்கும். ஓரத்தில் அத்தானின் ஒரு காது. அக்கா எந்தப் படத்திலும் இல்லை. "நான் அன்னிக்கு வந்தேனா இல்லையான்னு எனக்கே சந்தேகமா இருக்கு" என்பாள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அவர் அவளை எடுப்பார், அவள் அவரை எடுப்பாள். மற்றவர் வீட்டு விசேஷங்களில் கும்பலோடு நிற்கும்போது, அவள் ஒரு கோடியில் இருப்பாள், அவர் யாருடைய பையையோ பிடித்துக்கொண்டு மறு கோடியில் இருப்பார். போனில் செல்ஃபி எடுத்தால் அத்தானின் நெற்றி மட்டும் விழும். "இது ஃபோட்டோவா, சுவருக்கு மேல எட்டிப் பாக்கறதா?" என்று அக்கா அழித்துவிடுவாள்.

நாங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே அக்கா சொன்னாள்: "எங்களுக்கு அப்புறம் அந்தப் படத்தைப் பாக்க யாரும் இல்லடா. அது தெரியும். நாங்களே பாக்கத்தான் கேக்கறேன்." உடனே போய் அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பின்பக்கக் குழாயைத் தட்டிப் பார்த்தேன். துக்கம் வந்தால் எனக்கு அதுதான் வழி.

அன்றைக்கே அவள் அத்தானுக்குக் கெடு வைத்தாள். இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்குள் ஆணியில் படம் தொங்க வேண்டும். இல்லையென்றால் ஆணியைப் பிடுங்கிவிட்டு ஓட்டையைப் பூசி அடைத்துவிடுவாள். "அப்புறம் அந்தப் பேச்சே இந்த வீட்டுல இருக்காது." அக்கா கத்தினால் யாருக்கும் பயமில்லை. இதை மெதுவாகச் சொன்னாள்.

ஸ்டுடியோவுக்குப் போய் நின்றால் ஐந்து நிமிட வேலை. நான் சொன்னேன். அத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "அடுத்தவன் கைல குடுத்துதானே அன்னிக்குப் பூ ஜாடி வந்துச்சு? இந்தத் தடவை நானே வாங்கி நானே எடுக்கறேன்." இந்த வீராப்புக்கும் ஒரு காரணம் இருந்தது. அப்போதுதான் அவர் கம்பெனியில் ஆன்லைன் விற்பனைக்காக சாக்ஸுகளைப் படம் எடுத்தார்கள். டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்து எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கியபோது ஒவ்வொரு நூலும் தனியாகத் தெரிந்ததாம். அதைப் பார்த்த அன்று அத்தான் சாப்பிடவே இல்லை. "ஒரு சாக்ஸுக்கே இவ்வளவு மரியாதைன்னா உங்க அக்காவுக்கு எவ்வளவு பண்ணணும், மாப்ளே!" என்றார். அவரிடமிருந்து அக்காவைப் பற்றி நான் கேட்ட மிகப் பெரிய காதல் வசனம் அது.

ஆக, பெரிய கேமராக் கடைக்குப் போனோம். கடைக்காரர் நல்ல மனிதர், போன அன்றைக்கு. தேவையைக் கேட்டு, இரண்டு கேமராக்களை எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தார். வேறு வேறு கம்பெனி. இரண்டுமே கைதேர்ந்தவர்கள் வைத்துக்கொள்கிற சங்கதி. அத்தான் வழக்கம்போல் ஒன்றை இடது கையிலும் ஒன்றை வலது கையிலும் எடுத்தார். அந்த நிமிடம் முதல் அவற்றுக்கு இடது, வலது என்றே பெயர். கம்பெனிக்காரன் வைத்த பெயரை அவர் கடைசி வரை சொல்லவில்லை.

ஜன்னல் பக்கம் திரும்பி இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். தோள்பட்டை வாரை இழுத்து, விட்டு, பழைய நீளத்துக்குத் திரும்புகிறதா என்று பார்த்தார். காதுக்கு ஒன்றாக வைத்து ஷட்டரை அழுத்திக் கேட்டார். பிறகு கடைக்காரரிடம் நீட்டினார்.

"உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிக் காட்டுங்க."

"சார், இது கேமரா சார்."

"தெரியும். உள்பக்கம் பாக்காம எப்படி?"

கடைக்காரர் லென்ஸைக் கழற்றி உள்ளே இருக்கும் கண்ணாடியைக் காட்டினார். அத்தான் ஓரளவு திருப்தி அடைந்தார். பிறகு கடைக்காரர் விளக்கினார்: இடதில் மெகாபிக்சல் அதிகம், படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வலதில் ஃபோகஸ் சட்டென்று பிடிக்கும், மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாக இருக்கும். கேட்கக் கேட்க அத்தான் முகம் வாடியது.

"அப்ப ரெண்டும் ஒண்ணு போல இல்லையே."

"இல்ல சார். அதனாலதான் உங்களுக்கு எது வேணும்னு பாத்து ரெண்டுல ஒண்ணு வாங்கிக்கணும்."

இந்த வாக்கியத்தை அத்தான் வாழ்நாளில் கேட்டதில்லை. இரண்டைப் பார்ப்பது ஜோடி சேர்க்கத்தான் என்று நினைத்திருந்த மனிதரிடம், இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுப் போ என்றால் அவர் என்ன செய்வார்? ஒற்றைச் சாக்ஸோடு வீட்டுக்குப் போகச் சொன்னதுபோல் திகைத்து நின்றார். "நாளைக்கு வரேன்" என்றார்.

நாளைக்கு வந்தார். அதற்கு அடுத்த நாளும் வந்தார். கம்பெனி விட்டதும் ஸ்கூட்டர் நேராகக் கேமராக் கடைக்குப் போனது. திருகும் சக்கரங்களில் எது கடினம், எது இளக்கம்? ரப்பர் பிடியில் எது வேர்க்கிறது? எடையில் எது ஒரு மயிரிழை கூட? கடைக்காரர் முதல் வாரம் தேநீர் கொடுத்தார், இரண்டாவது வாரம் தண்ணீர் கொடுத்தார், பிறகு ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் பின்பக்கம் போய்விட்டார். கடைசியில் ஒருநாள் வெளியே வந்து இரண்டு கேமராக்களையும் பையில் போட்டு அத்தான் கையில் திணித்தார்.

"இது ரெண்டும் கடைல காட்டறதுக்கு வச்சிருக்கற பீஸ். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஆசை தீர எடுத்துப் பாருங்க. உங்க ஸ்கூட்டர் இங்க நிக்கட்டும். முடிவு பண்ணிட்டு வாங்க சார். முடிவு பண்ணாம வராதீங்க."

அத்தான் இரு தோளிலும் ஒன்றாக மாட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். மாட்டுக்கு இரண்டு மணி கட்டியதுபோல் இருந்தது. கல்யாண நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அக்கா மனுஷி இல்லை, சாம்பிள். எந்தச் சாமான் எதற்கோ அதை அதில்தான் சோதிக்க வேண்டும் என்பது அத்தானின் கொள்கை. சமையலறை ஜன்னலைப் பார்த்து ஒரு முக்காலியில் அவளை உட்கார வைத்தார். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவர் நின்றார். எட்ட நின்று எடுத்தது போதாமல், கடைசியில் மூக்குக்கு நேராக வந்து எடுத்தார். கையில் விளக்கோடு ஓரமாக என்னை நிறுத்தினார். எங்கே காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, கை வலித்தபோது அது பாட்டுக்கு எங்கேயோ காட்டிக்கொண்டிருந்தது. லென்ஸில் விரல் ரேகை படக்கூடாது என்று அத்தான் இடது கையில் கம்பெனி சாக்ஸ் ஒன்றை மாட்டியிருந்தார். கோடு போட்ட சாக்ஸ். விரல் எட்டாத நுனி, நாயின் காதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

இடதில் ஒன்று எடுப்பார். வலதில் ஒன்று எடுப்பார். இரண்டுக்கும் நடுவில் அக்கா அசையக் கூடாது.

"சிரிக்காத" என்றார் முதல் படத்திலேயே.

"ஏங்க, ஃபோட்டோன்னா சிரிக்க வேண்டாமா?"

"ஒரே சிரிப்பு ரெண்டு தடவை வராது. இடதுல பெருசா சிரிச்சு வலதுல சின்னதா சிரிச்சா நான் எதை வச்சு ஒப்பிடறது? முகத்தை ஒரே மாதிரி வச்சுக்க."

என் அக்கா வேலை பார்ப்பது பல் டாக்டர் கிளினிக்கில், வரவேற்பு மேஜையில். பல்லைக் காட்டுவதுதான் அவளுக்கு உத்தியோகம். பகலெல்லாம் அங்கே சிரித்துவிட்டு, மாலையில் இங்கே வந்து முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள வேண்டும். சில நாளில் கணக்கு மாறிப் போயிற்று. கிளினிக்குக்கு வந்த ஒருவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "என் பல்லுக்கு ரொம்ப மோசமான நிலைமையா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போய்விட்டாராம். டாக்டர் அவளைக் கூப்பிட்டு, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். "ரெண்டு கேமரா இருக்கு சார்" என்றாளாம் அக்கா.

நான் பொறுமை இழந்தேன். "அத்தான், ரெண்டுல எதையாவது ஒண்ணை மேஜை மேல வைங்க. டைமரைப் போடுங்க. ஓடிப் போய் அக்கா பக்கத்துல நில்லுங்க. முடிஞ்சுது!"

"எதை மேஜை மேல வைக்கறது?"

"எதை வேணா வைங்க!"

"அப்ப இன்னொண்ணு என்ன நினைக்கும்?"

எந்த ஃபிரிட்ஜும் எதையும் நினைத்து நான் பார்த்ததில்லை.

எடுத்த படங்களை அவர் டிவியில் போட்டுப் பார்த்தார். முழு முகத்தைப் பார்க்க மாட்டார். பெரிதாக்கி, பெரிதாக்கி, ஒரு புருவம், ஒரு மூக்கு நுனி, ஒரு காது மடல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் உள்ளே நுழைந்தபோது டிவி முழுக்க ஒரே ஒரு கண். இமை முடி ஒவ்வொன்றும் விரல் கனம். நான் செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். அக்கா துணி மடித்துக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என் கண்ணா அது? கிணறு மாதிரி இருக்கு."

"உஷ்" என்றார் அத்தான். "அழுக்கு."

கறுவிழியில் சமையலறை ஜன்னல் ஒரு சின்ன வெள்ளைச் சதுரமாக விழுந்திருந்தது. அந்தச் சதுரத்துக்கு நடுவில் கறுப்பாக ஒரு அழுக்கு. அத்தான் சாக்ஸ் கையால் லென்ஸைத் துடைத்தார். அக்காவை முக்காலியில் உட்கார வைத்து மறுபடி எடுத்தார். அழுக்கு அப்படியே இருந்தது. "இடது போச்சு" என்றார் சோகமாக. பிறகு வலதில் எடுத்ததைப் போட்டார். அதிலும் அழுக்கு. அதே இடம், அதே அளவு.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"ரெண்டு கால்லயும் ஒரே எடத்துல ஒரே குத்தம்! மாப்ளே, இது மெஷின் கோளாறு!"

"எந்த மெஷின்?"

"வேற வேற கம்பெனின்னு பேரு. லென்ஸை எங்கயோ ஒரே மெஷின்ல செய்யறாங்க. இத்தனை நாளா ரெண்டும் வேற வேறன்னு நெனச்சு மண்டையைப் பிச்சிக்கிட்டேன். ரெண்டும் ஜோடிதான்!"

"அப்ப எதை வாங்கப் போறீங்க?" என்றாள் அக்கா.

"எதையும் வாங்க முடியாது. ரெண்டும் குத்தம். ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டு முதல்லேர்ந்து வேற ரெண்டு பாக்கணும்."

கல்யாண நாள் மறுநாள்தான். அத்தானுக்கு அது நினைவில் இல்லை. அக்கா மடித்த துணிகளை உள்ளே வைத்தாள். திரும்பி வரும்போது கையில் ஒரு குறடு இருந்தது, ஆணி பிடுங்குகிற குறடு. அதை அத்தானின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில், கரண்டி வைக்கிற மாதிரி, நேராக வைத்தாள்.

அன்று சோறு எனக்கும் இறங்கவில்லை. எனக்கு அத்தான்மேல் வந்த கோபத்துக்கு அந்த இரண்டு கேமராவையும் ஃபிரீசரில் வைத்துப் பூட்டியிருப்பேன். அவள் கேட்டது நகையா, வீடா? ஒரு படம். அதையும் இந்த மனிதர் இழுத்து, விட்டு, திருப்பிப் பார்த்துக்கொண்டே கெடுத்துவிட்டாரே!

மறுநாள் காலை மூன்று பேரும் பஸ்ஸில் கடைக்குப் போனோம். கிளினிக் உடுப்பிலேயே அக்கா வந்தாள், திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போக. அவள் கைப்பையிலிருந்து குறட்டின் பிடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் வழி நெடுக இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். பாதி வழியில்தான் என்ன நாள் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "இன்னிக்கு..." என்று ஆரம்பித்தார். "இறங்கற எடம் வந்துடுச்சு" என்றாள் அக்கா.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கைகூப்பாத குறையாக எழுந்து நின்றார். "முடிவு பண்ணிட்டீங்களா சார்?"

"பண்ணிட்டேன். ரெண்டும் குத்தமான சரக்கு."

கடையில் மற்ற ஆட்கள் இருந்தார்கள். கடைக்காரர் முகம் சிவந்தது. "சார், நீங்க என்ன வேணா சொல்லலாம். குத்தமான சரக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. படத்தை இங்க போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்று சுவரில் இருந்த பெரிய திரையைக் காட்டினார். அக்கா வீட்டு டிவி அதன் முன்னால் தீப்பெட்டி.

அக்காவின் கண் சுவரளவுக்கு விரிந்தது. ஃபிளாஷ் வாங்க வந்த ஒருவர் இரண்டடி பின்வாங்கினார்.

"பாருங்க" என்றார் அத்தான். "ஜன்னலுக்கு நடுவுல. ரெண்டு கேமராலயும் இதே எடத்துல அழுக்கு."

"இன்னும் பெருசாக்கட்டுமா?"

"ஆக்குங்க. உங்க அழுக்கை நீங்களே பாருங்க."

கடைக்காரர் பெரிதாக்கினார். அழுக்குக்குத் தோள் வந்தது. பிறகு தலை வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா இருந்தது. இரண்டு முழங்கைகள் இரு பக்கமும் துருத்திக்கொண்டிருந்தன. இடது கையின் மேல் என் விளக்கு வெளிச்சம் விழுந்து, வரி வரியாகக் கோடு தெரிந்தது. அதன் நுனி நாயின் காதுபோல் தொங்கியது.

கடைக்காரர் அத்தானின் கையைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் அன்றும் அவர் சாக்ஸ் மாட்டிக்கொண்டுதான் வந்திருந்தார்.

"சார்" என்றார் கடைக்காரர் மெதுவாக. "அழுக்கு கைல சாக்ஸ் மாட்டுமா?"

அத்தான் திரைக்குப் பக்கத்தில் போனார். மூக்கு முட்டுகிற தூரத்தில் நின்று உற்றுப் பார்த்தார். அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை இதுதான்: "நம்ம கம்பெனி சாக்ஸ்."

"அது அழுக்கு இல்ல சார். அது நீங்க."

யாரோ சிரித்தார்கள். நான் சிரித்ததாகவும் இருக்கலாம். அக்கா சிரிக்கவில்லை. கைப்பையை மேஜைமேல் வைத்துவிட்டுத் திரையின் முன்னால் வந்து நின்றாள்.

"இது என் கண்ணுதானே?"

"ஆமாங்க" என்றார் கடைக்காரர்.

"உள்ள நிக்கறது இவரு."

"ஆமாங்க."

"வேற யாரும் இல்ல."

"இல்லீங்க. நீங்க ரெண்டு பேர் மட்டும்தான்."

அக்கா பக்கத்தில் அத்தான் இன்னும் திரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். வேலை அவரை விடவில்லை. அவர் விரல் மெதுவாக நகர்ந்து கண்ணின் ஓரத்துக்குப் போய் நின்றது. அங்கே மெல்லிய சுருக்கங்கள் விசிறிபோல் விரிந்திருந்தன. இன்னொரு கேமராவில் எடுத்ததையும் போடச் சொல்லி அதே இடத்தைப் பார்த்தார்.

"நீ சிரிச்சிருக்க" என்றார்.

"நான் வாயை அசைக்கவே இல்லையே."

"வாயில இல்ல. இங்க. ரெண்டு படத்துலயும் இருக்கு. ஒரே மாதிரி."

"ஒரு மனுஷன் கைல சாக்ஸை மாட்டிக்கிட்டு மூக்குக்கு நேரா வந்து நின்னா வேற என்ன பண்றதாம்?" என்றாள் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்ததைப் பார்த்து எனக்கும் வந்தது. அந்தக் கடையில் தட்டிப் பார்க்க ஒரு ஃபிரிட்ஜ்கூட இல்லை. அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் சாக்ஸ் கையை நீட்டினார். அவள் அந்தத் தொங்குகிற நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பி, "இதைப் பெருசா பிரிண்ட் போட்டு ஃபிரேம் பண்ணிக் குடுங்க. இன்னிக்கே வேணும்" என்றாள்.

"எந்தப் படம்மா? இடதா, வலதா?"

அத்தான் பதில் சொல்வார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடச் சொல்வார், சாயங்காலம் வரை நிற்போம் என்று நான் கதவோரமாக ஒரு நாற்காலியைப் பார்த்து வைத்திருந்தேன். அவர் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதோ ஒண்ணு" என்றார்.

கேமரா எதையும் வாங்கவில்லை. இரண்டும் கடைக்கே போயின. ஸ்கூட்டரை மீட்டோம். இத்தனை நாள் சும்மா நின்றதில் பேட்டரி செத்திருந்தது. நானும் அத்தானும் அதை வீடு வரை தள்ளினோம், அக்கா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்து வந்தாள். அன்று கிளினிக்குக்குப் போகவில்லை.

இப்போது அந்த ஆணியில் ஒரு கண் தொங்குகிறது. கதவைத் திறந்ததும் அதுதான் முகத்தில் அறைகிறது. சிலிண்டர் கொண்டு வருகிறவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டே உள்ளே வருகிறார். பக்கத்து வீட்டம்மா, "கண் ஆஸ்பத்திரி விளம்பரமா?" என்று கேட்டார். "எங்க கல்யாண ஃபோட்டோ" என்றாள் அக்கா. அந்த அம்மா இப்போதெல்லாம் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போய்விடுகிறார். அக்கா மட்டும் வருகிறவர்களை விடாமல் கிட்டே கூட்டிப் போய், ஜன்னல் சதுரத்தைக் காட்டி, "இதோ இவர்தான்" என்று அறிமுகம் செய்து வைக்கிறாள். அந்த நேரத்தில் நிஜமான ஆள் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அதன் கீழே உட்கார்ந்திருந்தோம். அத்தான் எழுந்து போய் ஃபிரேமின் ஒரு மூலையை ஒரு மயிரிழை மேலே தூக்கினார், பிறகு இன்னொரு மூலையை. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கடைசியில இது எதுல எடுத்தது அத்தான்? இடதா, வலதா?"

"பாக்கலை மாப்ளே."

"நீங்களா பாக்கலை?"

"எதுல எடுத்தா என்ன?" என்றார், கண்ணை அதிலிருந்து எடுக்காமல். "ரெண்டுலயும் அதே ஆள்தானே நின்னுட்டிருந்தான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"மெஷின் கோளாறு!" என்று உள்ளேயிருந்து அக்கா சத்தமாகச் சொன்னாள்.